திருவனந்தபுரத்தில் எங்கள் முதல் யாவாரம்

கடை போடலாம், ஆனால் முன்னுக்கு வரக்கூடாது என்று சொன்னார்கள். அந்தக் கோபத்தோடுதான் நான் வாழ்க்கையில் முதல் தடவையாக விமானம் ஏறினேன்.

சொன்னவர் என் கணவரின் தமையன். பெரியத்தான் என்று கூப்பிடுவேன். கெட்ட மனிதர் இல்லை. இடம்பெயர்ந்து அலைந்து வன்னிக்குத் திரும்பி வந்தபோது எனக்கும் பிள்ளைகளுக்கும் கூரை போட்டுத் தந்தவர் அவர்தான். சமாதான காலம் வந்து, வீதி திறந்து, பஸ்ஸும் லொறியும் எங்கள் சந்தியால் ஓடத் தொடங்கியதும், சந்தியில் இருந்த தன் காணித்துண்டில் தேத்தண்ணிக் கடை போடு என்று சொன்னவரும் அவரே.

"பிள்ளை, நீ உள்ளுக்கை நிண்டு சமை. உன்ர கைப்பக்குவத்துக்கு ஊரே வரும். ஆனால் காலமை முதல் யாவாரத்தை இவ வந்து செய்து குடுப்பா. குறை நினையாதை. நாலு சனம் நல்ல காரியத்துக்குப் போற வழி" என்றார். 'இவ' என்றது தன் மனைவியை. நான் அக்கா என்று கூப்பிடுகிற அவருடைய நெற்றி நிறையக் குங்குமம் இருந்தது. என் நெற்றி, என் மனிசன் ஷெல் பட்டுச் செத்த நாளிலிருந்து வெறும் நெற்றி.

எனக்கு வாய் நீளம் என்று ஊரில் பெயர். ஆனால் அன்றைக்கு அந்த வாய் எங்கே போனதோ தெரியாது. காணி அவருடையது. அதைவிட, அவர் சொன்னதில் பிழை இருக்கிறதாகவும் எனக்கு அப்போது படவில்லை. கோபம் மட்டும் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். அந்தச் சமயத்தில்தான் ஒரு தொண்டு நிறுவனம், போரில் அடிபட்ட பெண்களுக்குச் சிறுதொழில் பழக்க இந்தியாவுக்குக் கூட்டிப் போகிறது என்றார்கள். எழும்பினேன், பெயரைக் கொடுத்தேன், புறப்பட்டேன்.

நாங்கள் எட்டுப் பேர். என்னோடு ஒட்டிக்கொண்டவர்கள் இரண்டு பேர். ஒருத்தி மன்னாரைச் சேர்ந்த பிலோமினா. புருசன் கடலுக்குப் போனவன் துப்பாக்கிச் சூடு பட்டுச் செத்துப்போனான். வேதக்காரி, பெரிய பகிடிக்காரி. மற்றவள் கலா. எட்டுப் பேருக்குள்ளும் நெற்றியில் பொட்டும் கழுத்தில் தாலிக்கொடியும் இருந்தது அவளுக்கு மட்டும்தான். அவளுடைய கணவரைப் பிடித்துக்கொண்டு போய் வருசக்கணக்காகிவிட்டது. உயிரோடு இருக்கிறார் என்று சொல்ல ஆளில்லை, இல்லை என்று சொல்லவும் ஆளில்லை.

திருவனந்தபுரத்தில் எங்களைத் தங்கவைத்த விடுதி விமான நிலையத்துக்குக் கிட்ட. முதல் நாள் காலை பல் விளக்கிக்கொண்டு நிற்கிறோம், தலைக்கு மேலால் ஒரு விமானம் பதிந்து வந்தது. அவ்வளவுதான். எட்டுப் பேரும் வாய் நிறைய நுரையோடு மாமரத்தடிக்கு ஓடினோம். ஒருத்தி பங்கர் எங்கே என்று வேறு தேடினாள். விடுதியில் சமைக்கிற சேச்சி அகப்பையோடு வெளியே வந்து, எங்களையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒண்டுமில்லை அக்கா, விமானத்துக்கு மரியாதை குடுத்தனாங்கள்" என்றாள் பிலோ. அந்த அம்மாவுக்கு என்ன விளங்கியதோ, அன்றைக்கு எல்லோருக்கும் இன்னொரு புட்டு வைத்தார்.

புட்டென்றால் புட்டு! எங்கள் ஊர்க் குழல் புட்டேதான். தேங்காய்ப்பூவும் அதே அளவு. ஆனால் அதைக் கடலைக் கறியோடும் வாழைப்பழத்தோடும் பிசைகிறார்கள். சம்பல் கேட்டால் சட்னி வருகிறது. சோறு எங்கள் மொட்டைக்கறுப்பன் அரிசி மாதிரிச் சிவப்பாய், தடிப்பாய் இருந்தது. அதைக் கண்டதும் எனக்குக் கண் கலங்கியது. குடிதண்ணீர்தான் ஏமாற்றிவிட்டது. கிளாஸில் ஊற்றினால் இளஞ்சிவப்பு. முகாமில் கிணற்றுக்கு மருந்து போட்ட தண்ணீர் இப்படித்தான் இருக்கும். நாங்கள் ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு தாகத்தோடு இருந்தோம். பிறகுதான் சொன்னார்கள், அது ஏதோ மரப்பட்டை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீராம், உடம்புக்குக் குளிர்ச்சியாம். அதற்குப் பிறகு நாங்கள் குடித்த குடியில் சேச்சி இரண்டு தரம் பானை வைத்தார்.

எங்களுக்குப் படிப்பித்தவர் ஷீலா டீச்சர். பருத்திச் சேலை, தோளில் துணிப்பை, காற்சிலம்பு கட்டியவர் மாதிரி ஓயாத நடை. பாதி மலையாளம், பாதி தமிழ். அவருடைய தமிழ் எங்களுக்கு விளங்கியது. எங்களுடைய தமிழ்தான் அவருக்கு விளங்கவில்லை. விலை வைப்பது, நிறுப்பது, பை ஒட்டுவது எல்லாம் ஒழுங்காகப் பழக்கினார். சூட்டில் பையின் வாயை ஒட்டுகிற மெசினைக் கண்டதும் எங்களுக்குச் சின்னப்பிள்ளைச் சந்தோசம் வந்துவிட்டது. கண்டதையும் பையில் போட்டு ஒட்டிப் பார்த்தோம்.

அவர் பாடத்தில் எங்களுக்கு ஏறாத ஒன்று இருந்தது. "சேச்சிமாரே, வாங்கான் வர்றவங்க கண்ணைப் பாத்து ஒண்ணு சிரிக்கணும் கேட்டோ" என்பார். நாங்களோ தலையைக் குனிந்துகொள்வோம். சென்றிக் காவலரணில் ஆமிக்காரன் முன்னால் நின்று பழகியவர்கள் நாங்கள். சிரித்தால் ஏன் சிரிக்கிறாய் என்று கேட்பான். கண்ணைப் பார்த்தால் என்ன முறைக்கிறாய் என்று கேட்பான். நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் புத்தி. இதைச் சொன்னபோது டீச்சர் சோக்கட்டியைக் கீழே வைத்துவிட்டார். பிறகு, "சரி, இங்ஙே ஆமி இல்லை. என்னைப் பாத்து சிரிங்க" என்றார். ஒருத்தியாக எழும்பி அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தோம். பிலோ சிரித்த சிரிப்பில் டீச்சரே பயந்துபோனார்.

ஒரு நாள் வித்துராவுக்குக் கூட்டிப்போனார்கள். மலையடிவாரத்துச் சந்தை ஊர். அங்கே ஊறுகாய் போடும் பெண்கள் குழுவைப் பார்க்கப் போனோம். நல்ல சனங்கள், நல்ல நெல்லிக்காய். திரும்பி வருகிறபோது பஸ் ஒரு கோயிலடியில் ஆள் ஏற்ற நின்றது. நின்றதுதான் தாமதம், 'டமார்' என்று ஒரு வெடி. எங்கள் எட்டுப் பேரையும் இருக்கையில் காணோம். பஸ்ஸின் நடுவில், மற்றவர்களுடைய காய்கறிப் பைகளுக்கும் குடைகளுக்கும் நடுவே, முகம் குப்புறக் கிடக்கிறோம். இரண்டாவது வெடி போட்டதும் கலா என் முதுகின்மேல் ஏறிப் படுத்துக்கொண்டாள்.

கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுக்க மறந்து நின்றார். டீச்சர்தான் குனிந்து சொன்னார், அது கோயில் வெடி வழிபாடு, நேர்த்தி வைத்தவர்கள் காசு கட்டி வெடி போடுவார்கள் என்று. நாங்கள் எழும்பி, சேலை மண்ணைத் தட்டினோம். ஒரு கிழவி என் முழங்கையில் இருந்த தூசியைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டார். "எங்கட ஊரிலை வெடி விழுந்த பிறகுதான் கடவுளைக் கூப்பிடுறது. இஞ்சை கடவுளைக் கூப்பிட வெடி போடுகினம்" என்றாள் பிலோ. டீச்சர் அதை மலையாளத்தில் சொன்னதும் பஸ்ஸே சிரித்தது. சிரித்த பிறகு இரண்டு மூன்று பேர் கண்ணைத் துடைத்ததையும் நான் கண்டேன். எனக்கு வெட்கமாக இருக்கவில்லை. விழுந்து எழும்புவதில் எங்களை வெல்ல ஆளில்லை என்று ஒரு பெருமைகூட வந்தது.

பயிற்சியின் முடிவில் பெரிய சோதனை ஒன்று இருந்தது. கிழக்குக்கோட்டைப் பக்கத்து மைதானத்தில் பெண்கள் குழுக்களின் சந்தை மூன்று நாள் நடக்கும். அதில் எங்களுக்கும் ஒரு கடை. என்ன விற்பது என்று டீச்சர் கேட்டார். வாழைக்காய்ச் சிப்ஸ் என்று ஒருத்தி சொன்னாள். "கொல்லன் தெருவிலை ஊசி விக்கிறதோ? இந்த ஊர்க்காரருக்கே சிப்ஸ் விப்பியோ?" என்று கேட்டேன். எங்கள் கறித்தூள்தான் விற்பது என்று முடிவாயிற்று. செத்தல் மிளகாயை வறுத்து, மல்லி, பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம் எல்லாம் தனித்தனியாக வறுத்து இடிக்கிற தூள். அது இல்லாமல் எங்கள் வீட்டில் மீனும் வேகாது.

சரக்கு வாங்கக் காலை வேளையில் சாலை என்கிற கடைத்தெருவுக்குப் போனோம். அங்கே பாதிக் கடை தமிழ்க் கடை. நாகர்கோவில், திருநெல்வேலிக்காரர்கள். மிளகாய் மூட்டைகளுக்கு நடுவில் இருந்த அண்ணாச்சி ஒருவர், எங்கள் பேச்சைக் கேட்டதும் முகம் மலர்ந்தார். "சிலோனா? அடடே, வாங்க வாங்க. மொதல்ல பாலக்காட்டுப் பக்கமாக்கும்னு நெனச்சேன்" என்றார்.

நாங்கள் போன நேரம் அவர் கடையில் இன்னும் போணி ஆகவில்லை. சில்லறை மாற்ற வந்த ஆளை, "போணி ஆகல, பொறவு வாரும்" என்று திருப்பி அனுப்பியதைக் கண்டோம். எங்கள் ஊரில் முதல் யாவாரம் என்போம். மலையாளத்தில் கைநீட்டம் என்கிறார்கள். எல்லா இடத்திலும் சங்கதி ஒன்றுதான்: முதல் கை எப்படியோ அன்றைய நாள் அப்படி.

எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை. ஏழு பேரும் நாங்களாகவே வாசலுக்கு அங்கால் ஒதுங்கினோம். கலாவை முன்னுக்குத் தள்ளினேன். "நீ போய் முதல் வாங்கடி, நாங்கள் பிறகு வாறம்." கலா போய், காசைக் கொடுத்து, மிளகாய் வாங்கினாள். அண்ணாச்சி காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதன் பிறகே நாங்கள் உள்ளே போனோம். நல்ல மனிதருக்கு நாங்கள் செய்த நன்மை அது என்று அப்போது நினைத்தேன். "தூள் நல்லா வந்தா நமக்கும் கொண்டு காட்டுங்க. கடைல வச்சுப் பாப்போம்" என்று சொல்லி அனுப்பினார்.

அன்று மாலை விடுதி முற்றத்தில் மிளகாய் வறுத்தோம். பக்கத்து வீடுகளில் எல்லாம் இருமல். வேலிக்கு மேலால் ஒருவர், "எந்தா அவிடெ? தீ பிடிச்சோ?" என்று கத்தினார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அதே தூளில் மீன் குழம்பு வைத்து, அவர் வீட்டுக்கும் ஒரு சட்டி அனுப்பினோம். சட்டி கழுவித் திரும்பி வந்தது, கூடவே இரண்டு பலாச்சுளையும்.

சந்தையின் முதல் நாள். மேசை விரிப்பு வெள்ளை, பைக்கற்றுகள் வரிசை, எட்டுப் பேரும் கழுவித் துடைத்த முகத்தோடு பின்னால் நிற்கிறோம். டீச்சர் பழக்கிய சிரிப்பையும் கொண்டுவந்திருந்தோம். முதலாவதாக ஒரு பெரியவர் வந்தார். வெள்ளை வேட்டி, கறுப்புக் குடை. ஒரு பைக்கற்றைச் சுட்டிக்காட்டி, காசை நீட்டினார்.

ஒரு கையும் அசையவில்லை. சிரித்தபடியே எல்லோரும் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டோம். பெரியவர் காசை நீட்டியபடி நிற்கிறார். டீச்சர் என்னைப் பார்க்கிறார். நான் பிலோவைப் பார்க்கிறேன். "எங்கட மாதா ஒண்டும் சொல்லமாட்டா, ஆனால் உங்கட யாவாரத்தை நான் ஏன் கெடுப்பான்" என்று அவளும் பின்வாங்கினாள். "கலா! குடடி!" என்று நான்தான் அவள் தோளைப் பிடித்து முன்னுக்கு விட்டேன். கலா பைக்கற்றைக் கொடுத்து, காசை வாங்கினாள். பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

டீச்சருக்கு விசயத்தைச் சொன்னேன். "இங்ஙேயும் உண்டு. ஆனா..." என்று தொடங்கியவர், எங்கள் நெற்றிகளைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அன்று யாவாரம் பறந்தது. ஒருவர் வாங்கி, முகர்ந்து, தும்மி, மற்றவரைக் கூட்டிவந்தார். அலுவலகத்துக்குப் போகிற பெண்கள் கூட்டமாக வந்தார்கள். "நல்ல எரிவுண்டு" என்று சொல்லிச் சொல்லி வாங்கினார்கள். மாலையாகுமுன் மேசை வெறுமை. இரண்டாம் நாளும் அப்படியே. பிலோ சாலைக் கடைத்தெருவுக்கு ஓடிப்போய் அண்ணாச்சிக்கும் ஒரு பைக்கற் கொடுத்துவிட்டு வந்தாள். "கலான்ர கைராசிதான்!" என்று எல்லோரும் அவளைக் கொண்டாடினோம். "அந்தாள் எங்கையோ சுகமாய் இருக்கிறார், அதாலைதான்" என்று ஒருத்தி சொன்னாள். நாங்கள் எல்லோரும் ஓம் ஓம் என்று தலையாட்டினோம். கலா மட்டும் வெறும் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அன்று பொழுதுபடுகிற நேரம் சங்குமுகம் கடற்கரைக்குப் போனோம். நான் கடலைப் பார்த்து, ஊர் ஞாபகத்தில் பெருமூச்சு விட்டேன். "அக்கா, அங்காலை எங்கட நாடில்லை, அரபு நாடு. மூச்சைத் திருப்பி விடுங்கோ" என்றாள் பிலோ. எல்லோரும் சிரித்தோம். கலா சிரிக்கவில்லை. கொஞ்சம் தள்ளி மணலில் இருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன்.

"நாளைக்கு நான் சந்தைக்கு வரேல்லை அக்கா. தலையிடி எண்டு சொல்லுங்கோ."

"ஏனடி? உன்ர கையாலைதானே எல்லாம் நடக்குது."

"அதுதான் பயம்." அவள் தாலிக்கொடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு நாளும் நல்லாய்ப் போச்சுது. அவர் இருக்கிறார் எண்டு சொன்னியள். நாளைக்கு யாவாரம் படுத்தால் என்ன சொல்லுவியள்? வாயாலை சொல்லமாட்டியள், தெரியும். மனசுக்குள்ளை சொல்லுவியள். ஒரு பைக்கற்றைக் குடுக்கேக்கை, ஏதோ அவற்ற உயிரைத் தூக்கித் தராசிலை வைக்கிற மாதிரி இருக்கு. என்னாலை ஏலாது அக்கா."

இரண்டு நாளும் அவள் தோளைப் பிடித்துத் தள்ளிய கை என் கை. முதல் யாவாரம் என்ற சொல் எனக்கு மட்டும்தான் வலிக்கிறது என்று நினைத்திருந்தேன். பொட்டு அழிந்தவளை உள்ளுக்குத் தள்ளுகிற அந்தச் சொல், பொட்டு இருக்கிறவளை இப்படி முன்னுக்குத் தள்ளிக் கொல்கிறதே! பெரியத்தான் மேல் வந்த கோபம், ஊர் மேல் வந்த கோபம், எல்லாவற்றுக்கும் அப்போதுதான் ஒரு முகவரி கிடைத்தது.

"நீ வா. வந்து பேசாமல் பின்னாலை நில்" என்றேன்.

மூன்றாம் நாள் விடியவே மழை. மைதானம் சேறு. ஆட்டோக்காரர் எங்களை வாசலில் இறக்காமல், சேற்றுக்குப் பயந்து தெரு முனையிலேயே இறக்கிவிட்டார். பைக்கற்றுப் பெட்டிகளைத் தலையில் சுமந்துகொண்டு போனோம். மேசையை அடுக்கி முடிக்கவில்லை, குடை பிடித்துக்கொண்டு யாரோ வருகிறார். பார்த்தால் மிளகாய்க்கடை அண்ணாச்சி.

"தூள் பிரமாதம் கேட்டேளா! எங்க வீட்ல ஒரே புகழ். கடைக்கு ஒரு பெட்டி எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். பழக்கத்தில் எல்லோரும் கலாவைப் பார்த்தார்கள். பழக்கத்தில் கலாவின் கையும் பெட்டிப் பக்கம் போனது. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"நீ இரு" என்று சொல்லிவிட்டு நான் முன்னுக்கு வந்தேன். பெட்டியை இரண்டு கையாலும் தூக்கினேன். "அண்ணாச்சி, இண்டைக்கு இதுதான் முதல் யாவாரம். நான்தான் தாறன். நான் புருசன் இல்லாதவள். பிடிச்சால் வாங்குங்கோ. பிடிக்காட்டில் எனக்குக் கோவமில்லை."

அவர் என் நெற்றியைப் பார்த்தார். பிறகு குடைக்கு வெளியே மழையைப் பார்த்தார். "அது வந்து... கடை தொறக்கப் போற நேரம் பாருங்கம்மா. கொஞ்சம் பொறுத்து வாரேன்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். திரும்பிப் போய்விட்டார்.

"நல்ல வேலை. ஒரு பெட்டி ஒரேயடியாய்ப் போச்சுது" என்று பின்னால் ஒருத்தி முணுமுணுத்தாள். வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். இந்தப் பிறத்தியார் ஊரிலேயே என்னால் ஏலாவிட்டால், என் சந்தியில், என்னைத் தெரிந்த சனத்துக்கு முன்னால் நான் எப்படி இருக்கப்போகிறேன்? கலா என் பின்னால் நின்று, "விடுங்கோ அக்கா, நான் குடுக்கிறன்" என்றாள். "வாயை மூடு" என்றேன். பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

மழைக்குள் ஒரு பெண் வந்தாள். தலையில் கவிழ்த்த அலுமினியச் சட்டி, அதுவே குடை. விழிஞ்ஞத்து மீன்காரி என்று அந்த வாசமே சொன்னது. மீன் விற்று முடித்து வீடு போகிறவள். பைக்கற்றைத் தட்டிப் பார்த்து, உறைக்குமா என்று கேட்டாள். ஒரு துளி தூளை அவள் உள்ளங்கையில் போட்டேன். நக்கிப் பார்த்து, "என்றெ அம்மே!" என்று கண்ணைத் துடைத்தாள்.

அவளுக்கும் சொல்லத்தான் வேண்டும் என்று பட்டது. மறைத்து விற்றால் அது முதல் யாவாரம் ஆகாது. டீச்சரைக் கூப்பிட்டு, நான் புருசன் செத்தவள், இன்றைக்கு முதல் கை என் கை என்று மலையாளத்தில் சொல்லச் சொன்னேன். டீச்சர் சொன்னார். மீன்காரி என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சத்தமாக ஏதோ சொன்னாள். டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எனக்குச் சொன்னார்: "சரக்கு நல்லதா என்று சொல்லு, போதும். உன் வீட்டுக் கதை எனக்கெதற்கு? மழையில் நிற்கிறேன், கெதியாகத் தா."

கொடுத்தேன். அவள் ஈரக் கையிலிருந்து காசை வாங்கினேன். அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோது மீன் மணத்தது. டீச்சர் பழக்கிய சிரிப்பை அவள் கண்ணைப் பார்த்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு முதல் தடவையாகச் சரியாக வந்தது.

யாவாரமா? அன்று யாவாரம் படுத்தது. மழை விடவேயில்லை. வந்தவர்கள் ஒதுங்க வந்தார்கள், வாங்க வரவில்லை. பின்னேரம் அண்ணாச்சி நனைந்துகொண்டு திரும்பி வந்தார். காசை வைத்துவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு, "காலைல தப்பா எடுத்துக்கிடாதீங்க. அது ஒரு பழக்கமாயிப் போச்சு" என்றார்.

"எனக்கும் அதே பழக்கம்தான் அண்ணாச்சி. ரெண்டு நாளும் இந்தப் பிள்ளையைப் பிடிச்சு முன்னுக்குத் தள்ளினது நான்தான்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, எங்கள் மேசையில் ஒழுகின இடத்துக்குத் தன் பிளாஸ்டிக் விரிப்பை விட்டுவிட்டுப் போனார்.

பொழுதுபட மேசையில் இன்னும் நிறைய மிச்சம். பிலோ இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துத் தொடங்கினாள். "மலரக்கான்ர கைராசியைப் பாருங்கோ! வானமே விக்கி விக்கி அழுகுது." மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி என் கைக்கு எலுமிச்சம்பழம் சுற்றி வெட்டவேண்டும் என்றாள். ஒருத்தி என் கையை ஊருக்குக் கொண்டுபோகாமல் இங்கேயே விட்டுவிட்டு வரச் சொன்னாள். நானும் விடவில்லை, "ஓமடி, என்ர கைதான், என்ன செய்யப்போறியள்?" என்று எகிறினேன். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். கலாதான் எல்லோரையும் விட உரக்கச் சிரித்தாள். படுத்த யாவாரத்தின் பழி முழுவதும் என் தலையில். அவளுடைய மனிசனைப் பற்றி ஒருத்தியும் வாய் திறக்கவில்லை, மனசுக்குள்ளும் நினைத்திருக்கமாட்டாள்.

சிரித்து முடிய, கலா மிஞ்சியதில் ஒரு பைக்கற்றை எடுத்துத் தன் கைப்பையில் வைத்தாள். "அவருக்கு உறைப்பில்லாட்டில் சோறு இறங்காது. வீட்டிலை கிடக்கட்டும்" என்றாள். அவளோடு சேர்ந்து நாங்களும் ஓம் என்றோம்.

ஊருக்கு வந்து, கடைக்குக் கூரை போட்டு, அடுப்பு வைத்தேன். திறக்கிற நாள் காலை பெரியத்தானும் அக்காவும் குளித்துத் தோய்ந்து, புதுச் சேலையும் வேட்டியுமாக, விடியவே வந்தார்கள். அக்காவின் நெற்றியில் குங்குமம் பளிச்சென்றிருந்தது. நான் உள்ளே இல்லை. முன் மேசையில், காசுப்பெட்டிக்குப் பக்கத்தில், கதிரை போட்டு இருந்தேன். எனக்கு முன்னால் உழவு மெசின்காரத் தம்பி ஒருவன் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தான்.

பெரியத்தான் வாசலிலேயே நின்றுவிட்டார். அவர் பார்வை அந்தத் தம்பியிலும், காசுப்பெட்டியிலும், என் நெற்றியிலும் போய் வந்தது. காணி அவருடையது. ஒரு சொல்லில் கடையைப் பிடுங்கலாம். நான் எழும்பவில்லை. அக்காதான் முதலில் உள்ளே வந்து வாங்குப் பலகையில் இருந்தார்.

"முதல் யாவாரம் முடிஞ்சுது பெரியத்தான்" என்றேன், அவர் கண்ணைப் பார்த்து. "நீங்கள் ரெண்டாவது. சீனி எவ்வளவு போட?"

அவர் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தார். "தூக்கலாய்ப் போடு" என்றார்.